கடைசி வரிசைக்கு 'ழ' கேட்கணும்

கிடாரோடு தூக்கிக்கொண்டு போக ஒரு சின்ன ஆம்ப் வாங்கணும் என்று யாரிடம் சொன்னாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: "எத்தனை வாட்ஸ்?" அடுத்தது, "என்ன பட்ஜெட்?" பிள்ளை வாசிக்க மட்டும் செய்வாளா, பாடவும் செய்வாளா என்று கேட்டவர்கள் எனக்குத் தெரிந்து மிகக் குறைவு. கடைக்குப் போகும் முன் வீட்டில் முடிவு செய்ய வேண்டியது அந்தக் கேள்வியைத்தான்.

நம்ம வீடுகளில் இப்போது கிடார் நிறையவே வந்துவிட்டது. 6 வயதில் கர்நாடக சங்கீத வகுப்பு, 11 வயதில் ஸ்கூல் ஆர்க்கெஸ்ட்ரா, 14 வயதில் "அம்மா, எனக்கு ஒரு அக்கூஸ்டிக் கிடார்" என்று வந்து நிற்கும் பிள்ளைகள் ஒரு தெருவுக்கு ஒன்றாவது இருக்கிறார்கள். இவர்கள் பாடுகிற இடங்களைப் பாருங்கள்: பொங்கல் விழாவுக்கு வாடகைக்கு எடுத்த ஹால், பூங்காவில் பிறந்தநாள், கோயில் சாப்பாட்டுக் கூடம், யாரோ ஒருவரின் பின்கட்டு. அங்கெல்லாம் சவுண்ட் இன்ஜினியர் கிடையாது. சில இடங்களில் பிளக் பாயின்ட்டே கிடையாது. கையில் கொண்டுபோகிற பெட்டிதான் எல்லாம்.

எங்கள் வீட்டில் இந்தப் பேச்சு ஆரம்பித்தது ஒரு பொங்கல் விழாவுக்குப் பிறகு. மகள் 10-ம் வகுப்பு. இளையராஜாவின் 100-வது படமான 'மூடுபனி'யில் (1980) யேசுதாஸ் பாடிய கிடார் பாட்டை இரண்டு மாதம் பழகியிருந்தாள். வரிகளைத் தமிழிலேயே எழுதி, எனக்கும் தெரியாத இரண்டு சொற்களுக்கு அர்த்தம் தேடி வைத்திருந்தாள். பள்ளித் தோழி ஒருத்தியின் எலக்ட்ரிக் கிடார் ஆம்ப் இரவலாக வந்தது. மைக்கை ஒரு கன்வெர்ட்டர் வைத்து அதிலேயே செருகி, கிடாரையும் அதிலேயே கோத்து, பெட்டியை அவளுக்குப் பின்னால் தரையில் வைத்தார்கள். பாடினாள். கைதட்டல் நன்றாகவே வந்தது. முடிந்ததும் மதுரையிலிருந்து வந்திருந்த என் அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "கேக்க இனிமையா இருந்துச்சுத்தா. என்ன பாட்டுன்னுதான் பிடிபடல."

அம்மாவுக்கு மனப்பாடமான பாட்டு அது. அவர் உட்கார்ந்திருந்தது இரண்டாவது வரிசை.

காரில் வரும்போது மகள் பின் சீட்டிலிருந்து கேட்டாள்: "அம்மாச்சிக்குப் புரியலைன்னா, என் தமிழ் அவ்வளவு மோசமா அம்மா?"

நான் ஹூஸ்டனில் வளர்ந்தவள். 4 வயதில் வந்தேன். மதுரைக்குப் போகும் ஒவ்வொரு கோடையிலும் "என்னம்மா சொல்ற, திரும்பச் சொல்லு" என்று கேட்ட சித்தப்பா, பெரியம்மா, கடைக்காரர் எல்லாரும் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறார்கள். மூன்று முறை திரும்பச் சொன்ன பிறகு நாலாவது முறை ஆங்கிலத்தில் சொல்லிவிடத் தோன்றும். அப்புறம் சொல்லாமலே இருந்துவிடத் தோன்றும். இங்கேயே வளர்ந்து இப்போது பிள்ளை வளர்க்கும் நம்மில் பலருக்கு அந்த இடம் தெரியும். அதனால் அவள் கேள்வி எனக்கு ஆம்ப் பற்றிய கேள்வியாகப் படவில்லை. ஆனால் அதற்கான பதில் ஆம்ப்பில்தான் இருந்தது.

ஏன் என்று சொல்கிறேன்.

தமிழ்ப் பள்ளியில் முதல் வருஷமே உயிரெழுத்து, மெய்யெழுத்து என்று படிக்கிறோம். பாட்டில் சத்தம் பெரும்பாலும் உயிரில்தான் இருக்கிறது. 'ஆ', 'ஓ' என்று இழுப்பதெல்லாம் உயிர். அதன் பலம் பெரும்பாலும் 1000 ஹெர்ட்ஸுக்குக் கீழே. மெய்யில் சத்தம் குறைவு. க், ச், த், ப் எல்லாம் ஒரு நொடியில் சின்னத் துணுக்கு. அவற்றின் அடையாளம் இன்னும் மேலே, 2000 ஹெர்ட்ஸுக்கும் 8000 ஹெர்ட்ஸுக்கும் இடையில் பெரும்பகுதி கிடக்கிறது. 'காசு' என்றாளா 'காது' என்றாளா என்று காதுக்குச் சொல்வது அந்த மெல்லிய பகுதிதான். உயிர் கேட்டால் பாடுகிறாள் என்று தெரியும். மெய் கேட்டால்தான் என்ன பாடுகிறாள் என்று தெரியும்.

தமிழுக்கு இதில் கூடுதல் சிக்கல் ஒன்று உண்டு. நம்மிடம் ல, ள, ழ என்று மூன்று. ர, ற என்று இரண்டு. இந்த 5 ஒலிகளையும் வாய்க்குள் நாக்கு எப்படி உருவாக்குகிறது என்று எம்.ஆர்.ஐ படம் எடுத்தே ஆராய்ந்து ஸ்ரீகாந்த் நாராயணனும் சக ஆய்வாளர்களும் 1999-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். நாக்கு நுனி பல்லுக்குப் பின்னால் தொடுகிறதா, மேல் அண்ணத்தை நோக்கி வளைகிறதா என்ற வித்தியாசம் ஒலியில் ஒரு சின்ன இடத்தில்தான் தெரியும். பெரும்பாலும் 2000 ஹெர்ட்ஸைச் சுற்றியும் அதற்கு மேலும். பெட்டி அந்த இடத்தை மழுப்பினால் மூன்று லகரமும் ஒன்றாகிவிடும்.

இப்போது எலக்ட்ரிக் கிடார் ஆம்ப் என்ன செய்கிறது என்று பாருங்கள். அது எலக்ட்ரிக் கிடாருக்காகவே செய்தது. அதன் ஸ்பீக்கர் பொதுவாக 5000 ஹெர்ட்ஸுக்கு மேலே மளமளவென்று இறங்கிவிடும். எலக்ட்ரிக் கிடாருக்கு அதுதான் அழகு. அந்தக் கரகரப்பு காதைக் குத்தாமல் இருப்பது அதனால்தான். மனுஷக் குரலுக்கு அது வாயில் துணியை வைத்து மூடியது மாதிரி. போதாததற்குக் கிடாரின் அடித் தந்தி 82 ஹெர்ட்ஸில் முழங்குகிறது. கனத்த சத்தம் மேலே உள்ள மெல்லிய சத்தத்தைக் காதுக்குள்ளேயே மறைத்துவிடும். பெட்டி தரையில் இருந்தது வேறு. மேல் ஸ்தாயி ஒலிகள் டார்ச் வெளிச்சம் மாதிரி நேர்கோட்டில் போகும். அன்றைக்கு அவை முன்வரிசைக்காரர்களின் முழங்காலுக்குத்தான் பாடின.

அதோடு, வயதாகும்போது காது முதலில் இழப்பதும் இந்த மேல் பகுதியைத்தான். "சத்தம் கேக்குது, என்ன சொல்றாங்கன்னு தெரியல" என்று பெரியவர்கள் சொல்வது அதனால்தான். நம்ம விழாக்களில் முன்வரிசையில் உட்கார வைப்பது யாரை? அவர்களைத்தான்.

இதையெல்லாம் மகளிடம் சொன்னபோது அவள் முழுசாக நம்பவில்லை. "நீங்க என் அம்மா, அதனால சொல்றீங்க" என்றாள். அதற்கு அம்மாச்சியே சாட்சி சொன்னார். "நாங்க மதுரைக்காரங்கத்தா, வாளைப்பளம்னுதான் சொல்லுவோம். உனக்குத்தான் 'ழ' ஒழுங்கா வருது. அன்னிக்கு அது என் காதுக்கு வந்து சேரல, அவ்வளவுதான்." உண்மையும் அதுதான். ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பள்ளியில் ழகரம் பழகியவள் அவள். எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையில் அதைச் சரியாகச் சொல்கிற ஒரே ஆள்.

அம்மா இன்னொன்றும் சொன்னார். அவர் சின்ன வயதில் ஊர்த் திருவிழாவுக்கு மைக் செட் கட்டுவார்கள். வேப்பமரத்தில் கூம்பு ஒலிபெருக்கி. அதில் 'திருவிளையாடல்' வசனம் இசைத்தட்டில் ஓடும். வயலில் நின்றாலும் ஒரு சொல் தப்பாது. அந்தக் கூம்பில் அடிச் சத்தம் கிடையாது. தபலா கூட டப்பா மாதிரிதான் கேட்கும். ஆனால் பேச்சு இருக்கிற நடுப் பகுதியை மட்டும் பிடித்துக் குறுக்கி நேராகத் தள்ளும். இன்று நாம் அதைத் திரும்பக் கொண்டுவர வேண்டியதில்லை. அதன் இரைச்சலால் பட்ட பாடும் நினைவிருக்கிறது. ஆனால் சொல் தூரம் போக முழக்கம் தேவையில்லை என்பதற்கு அதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

பாடாமல் வாசிக்க மட்டும் செய்கிறவர்களுக்குக் கணக்கு வேறு. மாண்டலின் ஸ்ரீநிவாஸ் வாசித்தது 5 தந்தி எலக்ட்ரிக் மாண்டலின். அவருக்கு அந்த வாத்தியமே குரல். வீணைக்காரர்கள் கான்டாக்ட் மைக் ஒட்டிக்கொள்ளும்போது பார்ப்பதும் நாதம் மாறாமல் வருகிறதா என்றுதான். உங்கள் பிள்ளை தனி வாசிப்பு என்றால் கிடார் எந்தப் பெட்டியில் மரம் மாதிரி ஒலிக்கிறதோ அதை வாங்கலாம். ஜெர்மனியில் செய்யும் ஏஇஆர் காம்பாக்ட் 60 மாதிரியான பெட்டிகளை அக்கூஸ்டிக் வாசிப்பவர்கள் தேடிப் போவது அதற்காகத்தான்: 60 வாட்ஸ், ஆறரை கிலோ, சின்னஞ்சிறு பெட்டி. பேட்டரி கிடையாது. பாட்டும் சேர்ந்தால், பெட்டியைக் குரலுக்காகத் தேர்ந்தெடுங்கள். கிடார் அதில் எப்படியும் வந்துவிடும்.

குரலுக்காகத் தேர்ந்தெடுப்பது என்றால், நாங்கள் பார்த்தது இவைதான்.

முதலில், பெரிய ஸ்பீக்கரோடு ஒரு ட்வீட்டர் தனியாக இருக்க வேண்டும். மெய்யெழுத்துகள் குடியிருக்கும் வீடு அது. அக்கூஸ்டிக் ஆம்ப் என்று விற்பவற்றில் பெரும்பாலும் இருக்கும். உதாரணமாக ஃபிஷ்மன் லவுட்பாக்ஸ் மினி சார்ஜில் 6.5 அங்குல ஸ்பீக்கரும் 1 அங்குல ட்வீட்டரும். சின்னதாக, அழகாக, மலிவாக இருக்கும் பயிற்சி ஆம்ப் சிலவற்றில் இருக்காது. விவரத் தாளில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, குறைந்தது 2 சேனல். ஒன்று மைக்குக்கு, மூன்று முனை எக்ஸ்எல்ஆர் ஓட்டையோடு. ஒன்று கிடாருக்கு. இரண்டுக்கும் தனித்தனியே வால்யூமும், பாஸ், ட்ரெபிள் திருகும் இருக்க வேண்டும். கிடாரின் பாஸை மட்டும் குறைத்துக் குரலுக்கு இடம் விட முடிவது இதனால்தான். இந்த ஒரே காரியம் 100 டாலர் அதிகம் கொடுத்து வாங்கும் வாட்ஸைவிடப் பலன் தரும். பிள்ளை இன்னும் வளர்ந்து தோழியோடு சேர்ந்து பாடுவாள் என்றால் 3 அல்லது 4 சேனல் உள்ள பெட்டி. போஸ் எஸ்1 புரோவில் 3, ஜேபிஎல் இஆன் ஒன் காம்பாக்டில் 4.

மூன்றாவது, ஊளையை அடக்கும் வழி. மைக்கோ கிடாரோ தன் சத்தத்தைத் தானே கேட்டுச் சுற்றிச் சுற்றிக் கத்துவதுதான் அந்த 'கூ...'. மைக் என்றால் கீச்சென்று கேட்கும். கிடார் என்றால் 'பூம்' என்று முழங்கும். அதன் வயிற்றுக்குள் இருக்கும் காற்று சுமார் 100 ஹெர்ட்ஸில் தானே அதிரும் சுபாவம் உடையது. சில ஆம்ப்பில் நாட்ச் என்று ஒரு திருகு இருக்கும். அந்த ஒரு இடத்தை மட்டும் கிள்ளி எடுத்துவிடும். ஃபேஸ் என்று ஒரு பொத்தானும் இருக்கலாம். இரண்டும் இல்லையென்றால் கிடாரின் ஓட்டையை மூடும் ரப்பர் தட்டு சில டாலருக்குக் கிடைக்கிறது. அது போதும்.

நாலாவது, பேட்டரி. இதில் இரண்டு ஜாதி. ரோலண்ட் ஏசி-33 மாதிரி 8 ஏஏ பேட்டரி போடுகிறவை ஒன்று. மின்சாரத்தில் 30 வாட்ஸ், பேட்டரியில் 20. உள்ளேயே லித்தியம் பேட்டரி வைத்து சார்ஜ் செய்கிறவை இன்னொன்று. போஸ் எஸ்1 புரோவுக்கு 11 மணி நேரம் வரை என்று கம்பெனி சொல்கிறது, முழு வால்யூமில் அல்ல. ஏஏ ஜாதியில் நன்மை, நடுவழியில் தீர்ந்தால் பெட்ரோல் பங்கில் வாங்கிப் போடலாம். லித்தியம் ஜாதியில் நன்மை, அந்தச் செலவே இல்லை. ஆனால் டெக்சஸ் வெயிலில் பூட்டிய காருக்குள் வைத்துவிடாதீர்கள். லித்தியம் பேட்டரிக்குச் சூடு ஆகாது. கிடாருக்கும் ஆகாது, ஒட்டிய பசை இளகும். பழைய பெட்டி வாங்கினால் பேட்டரியைத் தனியே மாற்ற முடியுமா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

கோடையில் ஊருக்குக் கொண்டுபோகிற எண்ணம் இருந்தால் இரண்டு விஷயம். சார்ஜரில் 100–240 வோல்ட் என்று போட்டிருக்கிறதா பாருங்கள். இங்கே 120, அங்கே 230. விமானத்தில் 100 வாட்-மணி வரையுள்ள லித்தியம் பேட்டரிக்குச் சிக்கல் இல்லை. 100 முதல் 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும். தனியாகக் கழற்றிய பேட்டரி என்றால் கைப்பையில்தான் வர வேண்டும்.

ஐந்தாவது, எடை. இதைப் பெற்றோர் தூக்கிப் பார்த்து முடிவு செய்யக்கூடாது. ஒரு தோளில் கிடார், ஒரு கையில் மைக் ஸ்டாண்டு, இன்னொரு கையில் பெட்டி. அப்படிப் பிள்ளையை கார் நிறுத்தும் இடத்தின் அடுத்த முனை வரை நடக்கச் சொல்லுங்கள். ஏசி-33 ஐந்து கிலோவுக்கும் கீழே. எஸ்1 புரோ சுமார் 7 கிலோ. லவுட்பாக்ஸ் மினி சார்ஜ் ஒன்பதரை கிலோ. அரிசி மூட்டைக் கணக்கில் சொன்னால் வித்தியாசம் உடனே புரியும்.

கடைசியாகத்தான் வாட்ஸ். இரண்டு மடங்கு வாட்ஸ் என்றால் இரண்டு மடங்கு சத்தம் இல்லை. 30 வாட்ஸிலிருந்து 60-க்குப் போனால் கூடுவது 3 டெசிபல். கூர்ந்து கேட்டால்தான் தெரியும். காதுக்கு இரண்டு மடங்காகத் தோன்ற ஏறக்குறைய 10 மடங்கு வாட்ஸ் வேண்டும். திறந்த வெளியில் தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் 6 டெசிபல் குறைகிறது. 1 மீட்டரில் கேட்பது 8 மீட்டரில் 18 டெசிபல் குறைந்துவிடும். அதனால் 50, 60 பேர் உட்கார்ந்த கூட்டத்துக்கு வாட்ஸை ஏற்றுவதைவிடப் பெட்டியைக் கொஞ்சம் முன்னால் நகர்த்தி, உயர்த்தி வைப்பது லாபம்.

இதையெல்லாம் தெரிந்துகொண்டு கடைக்குப் போனால் முடிவு எளிதாக வந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். எங்களுக்கு வரவில்லை. கடைசியில் இரண்டு பெட்டி நின்றது. ஒன்றில் கிடார் தேன். இன்னொன்றில் கிடார் சுமார்தான், குரல் தெளிவு. மகளுக்கு முதல் பெட்டி. எனக்கு இரண்டாவது. "வாசிக்கப் போறது நான்" என்றாள். நியாயமான வாதம். நானும் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாதாட விரும்பவில்லை.

அப்போதுதான் இந்தச் சோதனையைச் செய்தோம். ஒரு தாளில் 12 சொல் எழுதினேன்: வால், வாள், வாழ். விலை, விளை, விழை. மனம், மணம். பனி, பணி. காசு, காது. அவளைக் கடையின் அந்தக் கோடிக்கு அனுப்பி, கையில் பேனா கொடுத்தேன். நான் மைக்கில் வரிசை மாற்றி ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும், அவள் எழுத வேண்டும். தமிழ்ப் பள்ளி டிக்டேஷன் மாதிரியே. நம் குடும்பத்து 'ழ'வின் லட்சணம் தெரியுமாதலால், நாக்கை வளைத்து மடக்கிப் பொறுமையாகவே சொன்னேன். பக்கத்தில் நின்ற விற்பனைப் பையன் ஏதோ மந்திரம் என்று நினைத்திருப்பான். கிடாரையும் சும்மா விடவில்லை. அந்தப் பையனையே மெல்ல கார்டு வாசிக்கச் சொன்னோம், சொல்லோடு கிடார் சண்டை போடுகிறதா பார்க்க.

தேன் பெட்டியில் 12-க்கு 7. சுமார் பெட்டியில் 11. தப்பிய ஒன்று 'விழை'. அது என் நாக்கின் கணக்கு.

தாளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, "அப்போ அன்னிக்கு அம்மாச்சிக்கும் இப்படித்தான் கேட்டிருக்கும், இல்ல?" என்றாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாவது பெட்டியை அவளே கார் வரைக்கும் தூக்கிக்கொண்டு வந்தாள்.

பெட்டியின் பெயரைச் சொல்லாததற்குக் காரணம், அது உங்களுக்குப் பயன்படாது என்பதுதான். உங்கள் பிள்ளையின் குரல் வேறு, கிடார் வேறு, அதனுள் இருக்கும் பிக்கப் வேறு. 12 சொல் சோதனைதான் பயன்படும். அவரவர் கிடாரையும் அவரவர் மைக்கையும் எடுத்துக்கொண்டு போங்கள். மைக்குக்குப் பெரிய செலவு வேண்டாம். 1966-ல் வந்த ஷுர் எஸ்எம்58 இன்னும் மேடையில் உழைத்துக்கொண்டிருக்கிறது. முன்னால் வரும் சத்தத்தை வாங்கிக்கொண்டு பின்னால் வருவதைத் தள்ளிவிடும் ஜாதி. அதனால் ஊளையும் குறையும்.

வாங்கிய பிறகு வைக்கும் விதம். தரை வேண்டாம். ஸ்டாண்டு இருந்தால் உட்கார்ந்திருப்பவர்களின் காது உயரத்துக்குக் கொஞ்சம் மேலே. இல்லையென்றால் ஒரு நாற்காலிமேல், முகம் லேசாக மேல்நோக்கி. பாடுபவருக்கு நேர் பின்னால் வைத்தால் மைக் அதைக் கேட்டுக் கத்தும். ஒரு பக்கமாக, அரை எட்டு முன்னால், அவளுக்கும் கொஞ்சம் கேட்கிற மாதிரி. மைக்குக்கும் வாய்க்கும் நாலு விரல் தூரம். முதலில் குரலைச் சரிசெய்துவிட்டு, அதற்கு அடியில் கிடாரைக் கொண்டுவாருங்கள். நாம் வழக்கமாகத் தலைகீழாகச் செய்கிறோம்: கிடாரை நிறைவாக வைத்துவிட்டுக் குரலை அதற்கு மேலே ஏற்றப் பார்ப்போம். கடைசியில் கத்தல்தான் மிஞ்சும். எக்கோ வேண்டும் என்று பிள்ளைகள் கேட்பார்கள், கொஞ்சம் போதும். அதிகமானால் ஒரு சொல்லின் வால் அடுத்த சொல்லின் தலையில் விழும்.

காப்பெல்காரர்களுக்கு மட்டும் ஒரு குறிப்பு. நம்ம ஊர் டிஎஃப்டபிள்யூ விமான நிலையத்துக்கு நேர் வடக்கே இருக்கிறது. அங்குள்ள 7 ஓடுபாதைகளில் 5 வடக்கு-தெற்காகப் போகின்றன. தெற்குக் காற்று அடிக்கிற நாளில் இறங்கும் விமானம் எல்லாம் வடக்கேயிருந்துதான் வரும். ஆண்ட்ரூ பிரவுன் பூங்காவில் பாடினால் இரண்டாவது சரணத்துக்குள் ஒன்றாவது வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் இரைச்சலோடு வால்யூம் போட்டி போட வேண்டாம். வார்த்தையை நிறுத்திவிட்டுக் கிடாரை இரண்டு சுற்று சும்மா வாசிக்கச் சொல்லுங்கள். விமானம் போன பிறகு பாட்டு தொடரட்டும். பெரிய இடையிசை மாதிரியே இருக்கும், யாருக்கும் தெரியாது. பூங்காவில் ஒலிபெருக்கி வைக்கும் முன் நகராட்சியிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வதும் நல்லது.

இந்தப் பெட்டி வந்ததால் என் மகளின் உச்சரிப்பு மாறிவிடவில்லை. அவள் 'ர' இன்னும் டெக்சஸ் 'ர'தான். அதைப் பழக வேண்டியது அவள் வேலை, பழகுவாள். ஆனால் ஒரு பெரியவர் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு "என்ன?" என்றால், அது நாக்கின் குற்றமா, நடுவில் இருக்கிற கருவியின் குற்றமா என்று முதலில் பார்க்கலாம் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. போனும் அப்படித்தான். பழைய டெலிபோன் லைன் 3400 ஹெர்ட்ஸோடு நின்றுவிடும். மெய்யெழுத்துகளில் பாதி அங்கேயே உதிர்ந்துவிடும். அந்த லைனில் ஊருக்குப் பேசிப் பேசித்தான் நாமெல்லாம் நம் தமிழ் சரியில்லை என்று முடிவு கட்டிக்கொண்டோமோ என்று இப்போது எனக்கு ஒரு சந்தேகம்.

அந்த 12 சொல் தாளை அவள் கிடார் பெட்டியின் மூடிக்குள் ஒட்டி வைத்திருக்கிறாள். நிகழ்ச்சிக்கு முன்னால் தம்பியைக் கடைசி வரிசைக்கு அனுப்புவாள். மைக்கில் ஏதாவது நாலு சொல் சொல்வாள். அவன் அதைத் திரும்பக் கத்திச் சொல்ல வேண்டும். நாலும் சரியாக வந்தால் ஆரம்பிக்கலாம். வரவில்லையென்றால் கிடாரின் பாஸை இன்னும் கொஞ்சம் குறைக்க வேண்டும்.